கடல் வற்றுமா?

ஒரு சிரிப்பினால் நமக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பற்றி இன்று எழுதப் போகிறோம். சிரித்தவர் வேறு யாருமல்ல, நாமேதான். ஆகவே, பழியைப் பிறர் தலையில் சுமத்தித் தப்பித்துக்கொள்ளும் வழக்கமான சௌகரியம் இந்தக் கட்டுரையில் நமக்கு இல்லை.

நம் தாயார் காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. பத்தாவது வகுப்பில் படிக்கும் நம் புதல்விக்கு 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் ஒரு வியாசம் எழுதி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்; சாப்பாடு முடிந்து உறவினர் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நம்மிடம் நீட்டினாள். நாமோ சபையில் சாமர்த்தியசாலி என்று பெயர் வாங்கும் உற்சாகத்தில் இருந்தோம். உரக்கப் படித்தோம். பாட்டி போன பிறகு எங்கள் வீடு கடல் வற்றிய இடம் போல இருக்கிறது என்று அதில் ஒரு வாக்கியம் வந்தது.

"கடல் எங்கேயம்மா வற்றும்? கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்குத்தான் உடல் வற்றிச் செத்துப் போயிற்று!" என்றோம்.

கூடம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. குழந்தையும் மரியாதைக்காகச் சற்றுச் சிரித்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தை நம் கையிலிருந்து மெள்ள வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்ற வியாசம் வேறு. எங்கள் வீட்டில் நான்கு அறைகள் உள்ளன என்று அது தொடங்கியது. கிணறு, தென்னைமரம், கொல்லைப்புறம் எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. அதற்கு நல்ல மார்க்கும் கிடைத்தது. ஆனால் அன்று முதல் அவள் எழுதியது எதையும் நம்மிடம் காட்டுவதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டோம். "எனக்குக் கற்பனை வராது, அப்பா" என்றாள். அப்போதாவது நமக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அதனால் என்ன? கற்பனா சக்தி என்பது பிறவியிலேயே வரவேண்டியது. எல்லாருக்கும் வாய்த்துவிடுமா?" என்று சொல்லிவைத்தோம். ஒரு தவறோடு நிற்காமல் இரண்டாவது தவறையும் செய்து முடித்த பெருமை நமக்கு உண்டு.

*

சென்ற வைகாசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டபடியால், கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள மரக்காணத்துக்குப் போய் வரலாம் என்று பெண்ணையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரயாணம் செய்தவர்கள் இந்த ஊரை மறந்திருக்கமாட்டார்கள். தரையில் கண்ணாடிகளை வரிசையாகப் பதித்தாற்போல் உப்புப் பாத்திகள் பளபளக்கும். ஓரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் நிற்கும். வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாகவே வருகிற பக்கிங்ஹாம் கால்வாய் இவ்வூருக்கு அருகில்தான் முடிகிறது. 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி என்னும் பெரிய உவர்நீர் ஏரியும் பக்கத்திலேயே இருக்கிறது.

வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே பார்த்தாலும் கண் கூசிற்று. மேலே பார்த்தாலும் கூசிற்று. அந்த வெயிலில் ஆண்களும் பெண்களும் வரப்புகளின் மேல் வெறுங்காலோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். நீண்ட கழியில் பலகை பொருத்திய கருவியால் ஒருவர் பாத்திக்குள் உப்பை இழுத்து ஒதுக்கினார். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து சென்று கொட்டினார்கள். நாம் சாப்பாட்டில் ஒரு சிட்டிகை அதிகம் என்று முகம் சுளிக்கிற வஸ்துவுக்குப் பின்னால் எத்தனை நடை இருக்கிறது என்பதை அங்கே போய்த்தான் எண்ண வேண்டும்.

வரப்பின் ஓரத்தில் இளைப்பாற உட்கார்ந்திருந்த ஒரு முதிய அம்மாளிடம் நம் பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"பாட்டி, இது கடல் தண்ணீரா?"

"கடல்தான் கண்ணு. இங்கே வந்து வத்திப்போச்சு."

"வற்றினால் எல்லாம் போய்விடாதா?"

"தண்ணிதான் போவும். அதுல இருந்த சத்து எங்கே போவும்? இதோ கிடக்குது பாரு" என்று அந்த அம்மாள் ஒரு கைப்பிடி உப்பை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

நம் பெண் கையிலிருந்த உப்பைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நாம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். திருப்பிய இடத்தில் என்ன கண்டோம் தெரியுமா? கழியிலிருந்து முதன்முதலில் நீரைப் பாய்ச்சித் தேக்கும் பெரிய பாத்தி வற்றிக்கொண்டிருந்தது. நீரோடு வந்த சிறு மீன்கள் மூலையில் ஒதுங்கித் துள்ளிக்கொண்டிருந்தன. ஏழெட்டுக் கொக்குகள் அவற்றைச் சாவதானமாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. ஒரு கொக்காவது உடல் வற்றியதாகத் தெரியவில்லை! எல்லாம் நன்றாகக் கொழுத்திருந்தன. நாம் சபையில் எடுத்து வீசிய பழமொழியை மரக்காணத்துக் கொக்குகள் கேள்விப்பட்டதே இல்லை போலும்.

*

உப்பு விளையும் முறையை அந்த அம்மாள் நமக்கு விளக்கிச் சொன்னாள். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு வகைகள். அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மடை திறந்து மாற்றிக்கொண்டே போகிறார்கள். பத்தில் ஒரு பங்காக வற்றும் வரையில் கறியுப்பு கண்ணில் படாது. அதற்கு முன்னாலேயே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்ஸமும் அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உப்புப் பூக்கும். முழுவதும் வற்றும்வரை விட்டுவிடவும் கூடாது. மிஞ்சிய நீரில் கசப்பு இருக்கிறது, அதை வடித்துவிட வேண்டும். "பாத்தியை ஆழமா வெட்டினா ஆகாது ஐயா. ஆழமா நின்னா வத்தாது. பரப்பி விடணும்" என்றாள்.

இந்தக் கடைசி வார்த்தை நம் மனத்தில் தைத்தது. நம்மைப் போன்றவர்கள் அறிவு என்றால் ஆழம் என்று மட்டுமே நினைத்துப் பழகியிருக்கிறோம். ஒரு கிணற்றை வெட்டிக்கொண்டு அதற்குள்ளேயே இறங்கிவிடுகிறோம். கடலைப் பற்றி நமக்குத் தெரியும். வீட்டைப் பற்றியும் தெரியும். இரண்டுக்கும் நடுவே மடை திறக்கத்தான் தெரியாது. அந்த மடையைத் திறந்தவள் பதினைந்து வயதுப் பெண். நாம் போய் அதை அடைத்துவிட்டு வந்தோம்.

படைப்புச் சக்தி என்பது சூனியத்திலிருந்து எதையோ வரவழைக்கும் மந்திர ஜாலம் அல்லவென்றும், சம்பந்தமில்லாமல் கிடக்கும் இரண்டு விஷயங்களுக்கு இடையே சம்பந்தம் காண்பதே அது என்றும் அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை ஹென்ரி பாயின்காரே பல நாள் ஒரு கணக்கில் உழன்றுவிட்டு, அதை மறந்து ஒரு பிரயாணம் போனார். வண்டிப் படியில் கால் வைத்த கணத்தில், சார்புகளை வரையறுக்கத் தாம் கையாண்டுவந்த உருமாற்றங்களும் யூக்ளிட் வழியில் சேராத வடிவ கணிதத்தின் உருமாற்றங்களும் ஒன்றே என்பது அவருக்குப் பளிச்சென்று புலப்பட்டதாம். இதை அவரே 1908-இல் எடுத்துரைத்தார். ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் உள்ளவற்றைச் சேர்க்கும் இணைப்புக்களே பெரும்பாலும் அதிகப் பயன் தருகின்றன என்பது அவர் கருத்து.

ஆர்தர் கோஸ்ட்லர் என்ற ஆசிரியர் 1964-இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஹாஸ்யம், விஞ்ஞானம், கலை ஆகிய மூன்றுக்கும் வேர் ஒன்றே என்றார் அவர். இரண்டு வெவ்வேறு உலகங்கள் சட்டென்று மோதினால் 'ஹா ஹா' என்று சிரிக்கிறோம். அவை ஒன்றாகப் பொருந்தினால் 'ஆகா' என்று வியக்கிறோம். அவற்றை அருகருகே வைத்து உணர்ந்தால் 'ஆ' என்று நெஞ்சம் நெகிழ்கிறோம். இதைப் படித்தபோதுதான் நம் குற்றத்தின் அளவு நமக்கு விளங்கிற்று. குழந்தை நம்மிடம் கேட்டது ஓர் 'ஆ'. நாம் கொடுத்தது 'ஹா ஹா'. அதுவும் யாருடைய மரணத்தைப் பற்றிய வாக்கியத்துக்கு? நம்மைப் பெற்றவளுடைய மரணத்தைப் பற்றியதற்கு!

*

உப்பைக் கண்டு சிரித்தவர்கள் நாம் மட்டும் அல்ல என்பதில் சிறிது ஆறுதல் உண்டு. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. போராட்டத்தை எந்த வழியில் நடத்துவது என்பது மகாத்மாவின் பொறுப்பாயிற்று. மறு மாதம் சபர்மதிக்கு வந்த ரவீந்திரநாத தாகூரிடம், இரவும் பகலும் சிந்திக்கிறேன், இன்னும் ஒளி தெரியவில்லை என்ற கருத்தில் அவர் பேசினார். பிறகு ஒளி எங்கிருந்து வந்தது? அடுப்பங்கரைக்குள்ளிருந்து வந்தது! உப்புச் சட்டத்தை மீறப் போகிறேன் என்றார்.

சுயராஜ்யம் எங்கே, உப்பு எங்கே? தேசப் போராட்டத்தையும் சாதாரண உப்பையும் எப்படிப் பொருத்துவது என்று தமக்கும் முதலில் விளங்கவில்லை என்பதை ஜவாஹர்லால் நேருவே தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த உப்பு விவகாரத்தினால் தம் தூக்கம் ஒன்றும் கெடவில்லை என்ற பொருளில் வைஸ்ராய் இர்வின் லண்டனுக்கு எழுதினார். 1930 மார்ச் 12-ஆம் தேதி 78 தொண்டர்களுடன் மகாத்மா புறப்பட்டார். சுமார் 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் குனிந்து உப்பு எடுத்தார். அந்த வருஷத்தில் 60,000 பேர் வரை சிறை புகுந்தார்கள். பிறகு யாருடைய தூக்கம் கெட்டது என்பதைச் சரித்திரம் சொல்லும்.

ஆனால் இந்த இணைப்பு ஒரே இரவில் பூத்தது என்று நினைப்பது தவறு. லண்டனில் மாணவராயிருந்த காலத்தில், 1891-ஆம் ஆண்டிலேயே, ஒரு சைவ உணவுப் பத்திரிகையில் உப்பு வரியின் பாரத்தைப் பற்றி அவர் எழுதினார். 1909-இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலிலும் அதைக் கண்டித்தார். தென்னாப்பிரிக்காவில் தம் மனைவியார் உப்பைத் துறக்கத் தயங்கியபோது தாமே அதைத் துறந்து, பல வருஷம் உப்பில்லாமல் உண்டார். ஆக, சுமார் நாற்பது வருஷம் அவருடைய மனப்பாத்தியில் அந்த நீர் வற்றிக்கொண்டிருந்தது. பத்தில் ஒரு பங்கு ஆன பிறகே உப்புப் பூத்தது.

இந்தக் கடற்கரையிலேயே தெற்கே போனால் வேதாரண்யம் வருகிறது. ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு அங்கே நடந்து சென்றார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மனிதன் சோறு கொடுப்பதைத்தான் உத்தரவு தடுத்தது. மரம் கொடுப்பதை அல்லவே! இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. கற்பனா சக்தி பிறவியில் வாய்த்த சிலருக்கே உரியது என்று நாம் குழந்தையிடம் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு அந்த மரங்களே சாட்சி.

எல்லா இணைப்பும் நல்ல இணைப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. உப்பையும் முள்செடியையும் சேர்த்தவர்களும் இருந்தார்கள். வட இந்தியாவில் வரி கட்டாத உப்பு உள்ளே வராதபடி தடுக்க, நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு உயிருள்ள முள்வேலியை வளர்த்தது ஆங்கில சர்க்கார். 1879-இல்தான் அதைக் கைவிட்டார்கள். அந்த வேலியைச் செழிக்கச் செய்த அதிகாரிகளில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கக் கமிஷனராக இருந்தவர். 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்ற முன்னின்றவரும் அவரே! விதியும் சில சமயம் சம்பந்தமில்லாதவற்றைச் சேர்த்து விளையாடுகிறது.

அப்படியானால் நல்ல இணைப்பை எப்படிக் கண்டுகொள்வது? வெளித்தோற்றத்தில் தூரமாயிருப்பவை அடியில் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உப்பு வரி பரம ஏழையையும் விடவில்லை. அதை மீறுவதற்கு ஆயுதம் வேண்டாம், பணம் வேண்டாம், கடலும் கையும் போதும். ஆகவே உப்பும் சுயராஜ்யமும் உண்மையிலேயே ஒட்டின. 1947-இல் அந்த வரியும் ஒழிந்தது.

*

நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கடற்கரை நிலமாகிய நெய்தலையும், பிரிந்தவரை எண்ணி இரங்கும் மனநிலையையும் அவர்கள் ஒன்றாகவே வைத்தார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே வழங்கி வருகிறது. உப்பு வணிகருடைய வண்டிகளோடு வந்த ஒரு மந்தி, முத்துக்களைக் கிளிஞ்சலுக்குள் போட்டு, அந்த வணிகருடைய குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுவதாக அவர் ஒரு காட்சியை அமைத்திருக்கிறார். முத்து என்றால் நகை என்று மட்டுமே எண்ணுகிறவனுக்கு அதில் கிலுகிலுப்பை தெரியாது. குரங்குக்குத் தெரிந்தது, குழந்தைக்குத் தெரிந்தது, புலவருக்கும் தெரிந்தது. நமக்குத்தான் கடல் வற்றாது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது!

மாலையில் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது, அன்றைக்குச் சிரித்தது தவறு என்று பெண்ணிடம் சொன்னோம். சொல்வதற்குள் தொண்டை இரண்டு முறை அடைத்தது. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "பரவாயில்லை அப்பா" என்றாள். பரவாயில்லை என்றால் பெரியவர்கள் அகராதியில் மன்னித்தேன் என்று அர்த்தம். பதினைந்து வயதுப் பெண்கள் அகராதியில் அப்படி இல்லை என்பதை அவள் குரலிலிருந்து தெரிந்துகொண்டோம்.

சற்று நேரம் கழித்து, "அந்த வாக்கியத்துக்கு அடுத்தபடி என்ன எழுதியிருந்தாய், அம்மா? நான் அதற்கு மேல் படிக்கவே இல்லையே!" என்று கேட்டோம்.

அவள் யோசித்தாள். "பாட்டி ஊறுகாய் ஜாடியின் மூடியைக் கட்டுகிற வெள்ளைத் துணி இன்னும் கொடியிலேயே கிடக்கிறது என்று எழுதியிருந்தேன். அதை யாரும் எடுக்கவில்லை. துவைக்கவும் இல்லை. அதில் உப்புப் பூத்திருக்கிறது" என்றாள்.

நமக்குப் பேச வாய் எழவில்லை. ஆறு மாதமாக அந்தக் கொடியின் கீழே குனிந்து குனிந்து கொல்லைப்புறம் போய்வந்தவர் நாம். துணி ஒன்று தலையில் இடிக்கிறது என்று மட்டுமே நமக்குத் தெரிந்திருந்தது.

வீடு திரும்பியதும் நேரே கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். துணி அங்கேதான் இருந்தது. தொட்டபோது மொரமொரவென்று இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

நேயர்களே! உங்கள் வீட்டுக் குழந்தைகளும் என்றாவது கடல் வற்றிற்று என்பார்கள். நிலா கிழிந்தது என்பார்கள். கடிகாரம் பசியாயிருக்கிறது என்பார்கள். பழமொழி நாக்கின் நுனியில் தயாராக வந்து நிற்கும். அதைச் சற்று விழுங்கிக்கொண்டு, "அடுத்த வரி என்ன?" என்று கேளுங்கள். நம் வீட்டில் அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஆனால் சென்ற வாரம் முதல் அது அலமாரிக்குள் இல்லை. கூடத்து மேஜையின் மேல் இருக்கிறது. யாரும் சொல்லாமல் நாம் அதைத் திறக்கப் போவதில்லை.